அன்சாக் பிஸ்கட்டில் ஓட்ஸ் இருக்கிறது. அதனால் அது மருந்தாகிவிடுமா?

மெல்பர்னில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனின் பள்ளியில், ஏப்ரல் 25 அன்சாக் தினத்தை (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் போர்வீரர்களை நினைவுகூரும் நாள்) ஒட்டி வீட்டில் செய்த அன்சாக் பிஸ்கட் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்ஸும் தேங்காயும் சேர்ந்த பண்டம், முட்டையும் கிடையாது என்பதால் சைவமான இவர் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இன்னும் சத்தாகச் செய்வோமே என்று முதல் முறை மைதாவுக்குப் பதில் முழுக்கக் கேழ்வரகு மாவு, வெண்ணெய்க்குப் பதில் அதே எடை நெய், கோல்டன் சிரப்புக்கு (சர்க்கரையிலிருந்து செய்யும் பொன்னிறப் பாகு) பதில் தேன் போட்டிருக்கிறார். அது தட்டில் பரந்து ஓடி, ஓரம் கருகி, எடுத்தால் பொலபொலவென உதிர்ந்துவிட்டது. இரண்டாம் முறை மைதாவுக்கும் வெண்ணெய்க்கும் திரும்பி, உலர் துருவலுக்குப் பதில் புதுத் தேங்காயைத் துருவிப் போட்டிருக்கிறார். கேக் போல மெத்தென்று வந்து, மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது.

மூன்றாம் முறை சரியாக வந்தபின் வேறு சிக்கல். இவருடைய மாமியாருக்கு 68 வயது, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 8.1 சதவீதம், எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பும் அதிகம். மெட்ஃபார்மின், கிளிக்லசைடு என்று இரண்டு சர்க்கரை மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார். "ஓட்ஸ் கொலஸ்ட்ராலைக் குறைக்கும், நாட்டுச் சர்க்கரை போட்டுத்தானே செய்திருக்கிறாய்" என்று தினமும் மாலை டீயோடு நான்கு பிஸ்கட் சாப்பிடுகிறார். ஒருநாள் சர்க்கரை 3.6 மில்லிமோலுக்கு (இந்தியக் கணக்கில் சுமார் 65 மி.கி.) இறங்கியபோதும் இந்த பிஸ்கட்டைத்தான் கொடுத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலியில் வீரர்கள் இதைத்தான் சாப்பிட்டார்களா என்று மகன் கேட்கிறானாம். பதில் தெரியவில்லை என்கிறார். தமிழ்ச் சங்க விழாவில் 'அன்சாக் ராகி குக்கீஸ்' என்று விற்கலாம் என்று தோழி யோசனை சொல்லியிருக்கிறாராம். செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

மகனுக்காகத்தான் எழுதினீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் முதலில் கவனிக்க வேண்டியது மாமியாரின் விஷயம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சர்க்கரை இறங்கும்போது பிஸ்கட் வேண்டாம்

கிளிக்லசைடு எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் உடனே ஏறவேண்டும். இந்த பிஸ்கட்டில் வெண்ணெயும் தேங்காயும் அதிகம். கொழுப்பு, வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். அதனால் உள்ளே இருக்கும் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரமாகும். அந்தச் சில நிமிடங்களில் மயக்கமே வந்துவிடலாம். அடுத்த முறை சுமார் 15 கிராம் நேரடிச் சர்க்கரை கொடுங்கள்: மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரை டம்ளர் பழச்சாறோ, குளுக்கோஸ் மாத்திரையோ போதும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் 4-க்குக் கீழே இருந்தால் அதே அளவு திரும்பக் கொடுங்கள். ஏறிய பிறகு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறதென்றால், அப்போது ஒரு பிஸ்கட் கொடுப்பது சரி. அவர் மயங்கிய நிலையிலோ விழுங்க முடியாமலோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவி எண் 000-வை அழையுங்கள்.

3.6 வந்த நாளையும் நேரத்தையும் எழுதி வைத்து அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். எச்பிஏ1சி 8.1 என்று உயர்ந்திருக்கும் ஒருவருக்கு இடையில் சர்க்கரை தாழ்கிறதென்றால், மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் பொருந்தவில்லையா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

நான்கு பிஸ்கட்டில் என்ன இருக்கிறது

வழக்கமான அளவுகளில் செய்து 26 பிஸ்கட் எடுத்தால், ஒன்றில் ஏறக்குறைய 120 கலோரி, 14 கிராம் மாவுச்சத்து (அதில் பாதிக்கு மேல் சர்க்கரை), 6 கிராமுக்குச் சற்று மேல் கொழுப்பு (அதில் 4.5 கிராம், எல்டிஎல்லை உயர்த்தும் நிறைகொழுப்பு), 1 கிராம் நார்ச்சத்து இருக்கும். நான்கு சாப்பிட்டால் 480 கலோரி, 56 கிராம் மாவுச்சத்து, 18 கிராம் நிறைகொழுப்பு. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கே நிறைகொழுப்பு 22 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது பொதுவான வரம்பு. உங்கள் மாமியாருக்கு அவ்வளவு கலோரி தேவைப்படாது. அதாவது ஒரு நாள் முழுவதற்குமான பங்கு, மாலை டீயிலேயே முடிந்துவிடுகிறது. டீயில் போடும் சர்க்கரையை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓட்ஸ் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று அவர் சொல்வது பொய்யில்லை. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் பலன் தெரிய நாளொன்றுக்கு சுமார் 3 கிராம் பீட்டா குளுக்கன் வேண்டும். 26 பிஸ்கட்டுக்கான முழு மாவில் போடும் 100 கிராம் ஓட்ஸில் இருப்பதே 4 கிராம்தான். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு பிஸ்கட்டுக்கு 0.15 கிராம். 3 கிராம் சேர 20 பிஸ்கட் தின்னவேண்டும். கூடவே 90 கிராம் நிறைகொழுப்பும் உள்ளே போகும். ஓட்ஸ் குறைக்கப் பார்ப்பதை வெண்ணெய் ஏற்றிவிடும். அத்தைக்கு ஓட்ஸின் பலன் வேண்டுமென்றால் அதைக் கஞ்சியாகவோ உப்புமாவாகவோ கொடுங்கள். நாள் முழுக்கச் சேர்த்து 75 கிராம் ஓட்ஸ் போதும். அதிலும் மாவுச்சத்து உண்டு, ஆகவே இட்லியோ சோறோ அந்த அளவுக்குக் குறையவேண்டும்.

தேங்காயைப் பற்றியும் ஒரு தெளிவு. தேங்காயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மை. எந்தத் தாவரத்திலும் இல்லை. ஆனால் அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி நிறைகொழுப்பு, அது எல்டிஎல்லை உயர்த்தக்கூடியது. புதுத் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. உலர் துருவலில் தண்ணீர் போய்விடுவதால் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் கொழுப்பே. குழம்புக்கு ஒரு கைப்பிடி அரைத்துவிடும் பழக்கத்தோடு இதை ஒன்றாக எண்ணக்கூடாது.

நாட்டுச் சர்க்கரையும் பிரவுன் சுகரும் வெள்ளைச் சர்க்கரையும் ரத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ். நாட்டுச் சர்க்கரையில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு; ஒரு பிஸ்கட்டுக்குச் சேரும் அளவில் அவற்றால் ஆகப்போவது எதுவுமில்லை. ருசி பிடித்தால் போடுங்கள், நோய்க்காகப் போடாதீர்கள்.

பிஸ்கட்டை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லமாட்டேன். அறுபத்தெட்டு வயதில், பேரன் கொண்டுவந்து நீட்டும் பண்டத்தை மறுப்பது யாருக்கும் எளிதில்லை. மறுத்தால் மறைவில் சாப்பிடும் பழக்கமும் வந்துவிடும். பிஸ்கட்டின் அளவைச் சிறிதாக்குங்கள். அதே மாவை 48 உருண்டையாகப் பிடித்தால் ஒன்றில் 65 கலோரி, 8 கிராமுக்குச் சற்றுக் குறைவான மாவுச்சத்து. வாரத்தில் இரண்டு மூன்று நாள், சர்க்கரை போடாத டீயோடு, அந்தச் சின்ன பிஸ்கட்டில் ஒன்று அல்லது இரண்டு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சோதித்துப் பார்த்தால், அவர் உடம்பு அதை எப்படி ஏற்கிறது என்பதை அவரே கண்ணால் பார்ப்பார். நாம் சொல்வதைவிட மீட்டர் காட்டும் எண் எடுபடும். "நீங்கள் சாப்பிடக்கூடாது" என்பதைவிட, "ஓட்ஸ் கஞ்சிதான் உங்களுக்கு மருந்து, இது பலகாரம், அத்தை" என்று பிரித்துச் சொல்லிப் பாருங்கள். தீபாவளி அதிரசத்தை யாரும் மருந்தென்று தின்பதில்லை. இதையும் அந்த வரிசையில் வைத்துவிட்டால் அளவு தானே பிடிபடும்.

செய்முறையும், எங்கே தவறியது என்பதும்

மூன்றாம் முறை நன்றாக வந்தது என்கிறீர்கள். ஆனால் முதல் இரண்டும் ஏன் கெட்டன என்று தெரியாவிட்டால் மறுபடியும் அதே இடத்தில் சறுக்கும். முதலில் அளவு: மைதா 150 கிராம், ரோல்டு ஓட்ஸ் 100 கிராம், உலர் தேங்காய்த் துருவல் 85 கிராம், பிரவுன் சுகர் 150 கிராம், வெண்ணெய் 125 கிராம், கோல்டன் சிரப் 2 மேசைக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, கொதிநீர் 2 மேசைக்கரண்டி. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கரண்டி என்றால் 15 மில்லியாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெயையும் சிரப்பையும் சிறு தீயில் உருக்குங்கள், கொதிக்க விடவேண்டாம். சோடாவைத் தனியாகக் கொதிநீரில் கரைத்து இதில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும், அதனால் பாத்திரம் கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். கோல்டன் சிரப்புக்கு இலேசான புளிப்புத்தன்மை உண்டு. சோடா அதோடு சேரும்போது வாயு கிளம்புகிறது. மிஞ்சும் சோடாவின் காரத்தன்மை பிஸ்கட்டைச் சீக்கிரம் பொன்னிறமாக்குகிறது. நுரை அடங்குவதற்குள் உலர்ந்த பொருள்களில் கொட்டிக் கிளறி, மேசைக்கரண்டி அளவு உருண்டைகளாகப் பிடித்து, 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைத்து இலேசாக அமுக்குங்கள். ஓவன் 160 டிகிரி. விசிறி ஓடும் ஓவனில் 150. பெரிய உருண்டைக்கு 12 முதல் 15 நிமிடம், சின்னதற்கு 10 முதல் 12. எடுக்கும்போது தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் சிரப் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மெல்லும் பதம் வேண்டுமானால் 12 நிமிடத்தில் எடுங்கள். மொறுமொறுப்பு வேண்டுமானால் மூன்று நிமிடம் கூட விடுங்கள்.

இனி உங்கள் முதல் முயற்சி. வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய் முழுக்கக் கொழுப்பு. 125 கிராம் வெண்ணெய்க்கு 125 கிராம் நெய் போட்டால் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது, மாவு பரந்து ஓடுகிறது. நெய்தான் வேண்டுமென்றால் 100 கிராம் நெய்யும் கூடுதலாக ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரும் போடுங்கள். கேழ்வரகில் பசைத்தன்மை தரும் குளூட்டன் இல்லை, இந்த பிஸ்கட்டிலோ பிடிப்புக் கொடுக்க முட்டையும் இல்லை. பிறகு உதிராமல் என்ன செய்யும்? மைதாவில் மூன்றில் ஒரு பங்கு வரை கேழ்வரகு தாங்கும், அதற்கு மேல் போனால் மணல் மணலாக வரும். தேனில் பழச்சர்க்கரை அதிகம் என்பதால் சீக்கிரம் கருகும். தேன் போடும் நாளில் வெப்பத்தை 10 டிகிரி குறைத்துவிடுங்கள்.

இரண்டாம் முயற்சியைக் கெடுத்தது தண்ணீர். புதுத் துருவலில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். கடையில் விற்கும் உலர் துருவலில் மூன்று சதவீதம் அளவுதான். அந்த ஈரம் மாவை ஆவியில் வேகவைத்துவிடுகிறது. ஆறிய பின்னும் உள்ளே தங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. புதுத் தேங்காய்தான் வேண்டுமென்றால் நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறட்டி, விரலில் தேய்த்தால் பொடியாக உதிரும் பதம் வந்ததும் ஆறவைத்து, 85 கிராம் எடைபோட்டுச் சேருங்கள். இனிப்புச் சேர்த்து விற்கும் துருவல் வேண்டாம்.

சில சின்னச் சங்கதிகள். உடனடி ஓட்ஸ் ஈரத்தைக் குடித்துக் கூழாகிவிடும். வெட்டிய ஓட்ஸ் பல்லில் கல்லாக மாட்டும். சோடாவைக் கரைக்காமல் உலர்ந்த மாவில் தூவினால் பழுப்புப் புள்ளிகளும், கடிக்கும் இடத்தில் சோப்பு ருசியும் வரும். கலந்த மாவை அரை மணி நேரம் அப்படியே விட்டால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்து உருண்டை பிடிக்க வராது. ஒரு தேக்கரண்டி வெந்நீர் தெளித்தால் சரியாகும். சர்க்கரையை 100 கிராமாகக் குறைக்கலாம். அப்படிச் செய்தால் தானாகப் பரவாது, கையால் நன்றாகத் தட்டிவிடவேண்டும், மொறுமொறுப்பும் குறையும். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்.

மகனின் கேள்விக்கு

அவன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். அன்சாக் என்பது ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் கூட்டுப் பெயர். அவர்கள் கலிப்பொலியில் கரையிறங்கியது 1915 ஏப்ரல் 25. வீட்டுப் பெண்கள் இந்த பிஸ்கட்டைச் சுட்டுக் கப்பலில் அனுப்பினார்கள், வீரர்கள் பதுங்கு குழியில் தின்றார்கள் என்று எங்கும் சொல்வார்கள். ஆனால் கலிப்பொலியில் படையினருக்குத் தினமும் கிடைத்தது வேறு பிஸ்கட். ரொட்டிக்குப் பதிலாகக் கொடுத்த, பல்லை உடைக்கும் அளவு கடினமான மாவு வில்லை அது. அதைத் துருவிக் கஞ்சி காய்ச்சினார்கள். அதன்மேல் கடிதம் எழுதி வீட்டுக்கு அனுப்பியவர்களும் உண்டு. அப்படிச் சில கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இன்றும் இருக்கின்றன. இங்கே ஊரில் ஓட்ஸ் பிஸ்கட்டுகள் பெரும்பாலும் விழாக்களிலும் சந்தைகளிலும் விற்கப்பட்டுப் போர்நிதி திரட்ட உதவின.

பெயரும் பண்டமும் சேர்ந்ததும் மெதுவாகத்தான். 1917-ல் சிட்னியில் போர்நிதிக்காக வெளியான சமையல் புத்தகத்தில் 'அன்சாக் பிஸ்கட்' இருக்கிறது, ஆனால் அது முட்டையும் அரிசி மாவும் போட்ட வேறு பண்டம். இன்று நாம் செய்வதை ஒத்தது அதே புத்தகத்தில் ஓட்ஸ் பிஸ்கட் என்ற பெயரில் வருகிறது. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1921-ல் வந்த தேவாலயச் சமையல் புத்தகம் ஒன்றில் 'அன்சாக் கிரிஸ்பீஸ்' என்று இன்றைய பிஸ்கட்டை ஒத்த குறிப்பு உண்டு. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஹெலன் லீச் இந்தச் சமையல் புத்தகங்களைத் தேடி ஆராய்ந்தவர். தேங்காய் சேர்ந்தது அதற்கும் பிறகு, 1920-களில். உலர் துருவலை அந்நாளில் பெருமளவில் ஏற்றுமதி செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று.

அவனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். கலிப்பொலியில் சீக்கியர், கூர்க்காக்கள் உட்பட ஆயிரக்கணக்கான இந்தியப் படையினரும் இருந்தார்கள். மலைச்சரிவில் தண்ணீரும் வெடிமருந்தும் ஏற்றிச் சென்ற கோவேறு கழுதைகளில் பலவற்றை ஓட்டியவர்கள் இந்தியர்கள். அந்தக் கடின வில்லையில் சலித்த ஆஸ்திரேலியர்கள் அவர்களுடைய சப்பாத்தியை விரும்பி வாங்கித் தின்றிருக்கிறார்கள். வகுப்பில் வேறு எந்தப் பிள்ளையும் சொல்லாத செய்தியாக இது இருக்கும்.

விற்பது பற்றி

வீட்டுக்கும் பள்ளிக்கும் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். விற்பது வேறு. ஆஸ்திரேலியாவில் அன்சாக் என்ற சொல்லை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் 1921-ஆம் ஆண்டு விதிமுறைகளும் கட்டுப்படுத்துகின்றன; அனுமதி தருவது முன்னாள் படைவீரர் விவகாரத் துறை அமைச்சர். பிஸ்கட்டுக்கு ஒரு சலுகை உண்டு: பாரம்பரியச் செய்முறையையும் வடிவத்தையும் ஒட்டியிருந்தால் பொதுவாக ஆட்சேபம் இல்லை. 'குக்கீ' என்று அழைக்கக்கூடாது என்பதை அந்தத் துறை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. சாக்லேட் சேர்த்ததையும் ஏற்பதில்லை. ஆக, உங்கள் தோழி சொன்ன பெயரில் இரண்டு இடறல்: ராகி, குக்கீஸ். இந்தச் சட்டத்தை மீறினால் அபராதம் உண்டு, கடுமையான மீறலுக்குச் சிறையும் உண்டு. இத்தனை பேரின் இறப்பை நினைவூட்டும் சொல் என்பதால்தான் இந்தக் காவல்; அதை மதிப்பதே நமக்கும் அழகு. 'கேழ்வரகு ஓட்ஸ் தேங்காய் பிஸ்கட்' என்று விற்றால் எந்தத் தொல்லையும் இல்லை.

விற்பதற்கு முன் உங்கள் நகர கவுன்சிலில் கேட்டு, வீட்டுச் சமையலறைக்கும் விழாக் கடைக்கும் தேவையான பதிவை முடித்துவிடுங்கள். பொட்டலத்தில் கோதுமை, குளூட்டன், பால் மூன்றையும் குறிப்பிடவேண்டும். ஓட்ஸ் சேர்ந்த எதையும் இந்த நாட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுத முடியாது. மைதாவே போடாமல் முழுக்கக் கேழ்வரகில் செய்தாலும் இதே விதிதான். தேங்காய், கட்டாயமாக அறிவிக்கவேண்டிய கொட்டைகளின் பட்டியலில் இல்லை. இருந்தாலும் அரிதாகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மகன் வகுப்புக்கு எடுத்துப் போகும் டப்பாவிலும் என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அனுப்புங்கள்.